இரண்டாவது கைதட்டல்

முத்தாபுதுப்பேட்டை,
9.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜாஸ்லின் எழுதுகிறேன். நானும் பெரியம்மாவும் நலம். உங்கள் ராணுவ முகாமில் குளிர் தொடங்கியிருக்கும்; பெரியம்மா பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். போனில் அம்மா பேச்சை எடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

டிரங்குப் பெட்டியிலிருந்து என் முதல் பிறந்தநாள் வீடியோ கேசட்டைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். மன்னியுங்கள். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்றேகால் வயது. அவள் குரலே எனக்குத் தெரியாது. அது இந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது.

ஸ்டூடியோ தினேஷ் அண்ணன் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தந்தார். கேக் வெட்டும்வரை சரியாக இருந்தது. போகப் போகக் குரல் படத்தை முந்திக்கொண்டது. முதலில் அம்மா சிரிக்கும் சத்தம், பிறகுதான் முகம் சிரிக்கிறது. படத்தில் பெரியம்மா வாயைத் திறந்து கூப்பிடும் முன்பே, "தோ வரேன்க்கா" என்று அம்மாவின் பதில் வந்துவிடுகிறது. பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "நிறுத்துடி, பயமா கீது" என்றார்கள்.

தினேஷ் அண்ணன் அதைச் சரிசெய்ய மூன்று முறை முயன்றார். "முன்னாடி ஒட்ட வச்சா பின்னாடி பிச்சிகினு ஓடுது பாப்பா. பேசாம மேல பாட்டு போட்டு மூடிடவா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பாட்டு கேட்கவா கேசட்டை எடுத்தேன்?

தேடிப் படித்ததில் ஒரு வழி கிடைத்தது. கண்ணாலும் காதாலும் பிடிக்கக்கூடிய இரண்டு இடங்கள் வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. இரண்டையும் பொருத்தி, குரலை அந்த அளவுக்கு இழுத்துவிட்டால் நடுவில் உள்ளதெல்லாம் தானாகச் சேர்ந்துவிடும். தொடக்கத்துக்குக் கேக் வெட்டியதும் கேட்ட முதல் கைதட்டல் போதும். முடிவுக்குத்தான் எதுவும் இல்லை என்று முதலில் நினைத்தேன்.

கடைசி நான்கு விநாடி படத்தில் சத்தமே கிடையாது; சத்தம் முன்பே தீர்ந்துவிட்டது. விருந்தாளிகள் போய்விட்டார்கள். அம்மா தட்டுகளை வைத்துவிட்டுத் திரும்பி, கேமராவை நேராகப் பார்த்து, ஒரே ஒரு முறை கை தட்டுகிறாள். அதன் சத்தத்தை நாங்கள் ஏற்கெனவே கேட்டிருந்தோம். தட்டு விழுந்தது என்று நினைத்திருந்தோம்.

பொருத்தினேன் அப்பா. ஒரு மணி நேரப் படமும் குரலும் சேர்ந்துவிட்டன. அம்மாவின் உதடு அவள் குரலிலேயே பேசியது.

முடிவு இப்போது தெளிவாகக் கேட்கிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து நீங்கள், "எல்லாரும் போய்ட்டாங்க, இன்னாத்துக்குக் கை தட்டப் போற?" என்கிறீர்கள்.

"நாளைக்கு ஜாஸ்லினுக்கு வேணும்ங்க" என்கிறாள் அம்மா.

அதன் பின் உங்கள் மூச்சு மட்டும் கேட்கிறது. நான் பின்னால் தொட்டிலில் தூங்குகிறேன்.

தினேஷ் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "இத்த மூணு வாட்டி ஓட்டினேன். இந்தப் பேச்சு காதுல விழவே இல்லியே" என்றார். அப்புறம் அதைத் தொடவில்லை.

அந்தப் பிறந்தநாள் முடிந்த பதினைந்தாம் நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகப் பெரியம்மா சொன்னார்கள். தான் இருக்கமாட்டோம் என்று அவளுக்கு முன்பே தெரியுமா? உங்களுக்கும் தெரியுமா? போனில் சொல்ல வேண்டாம்.

29ஆம் தேதி அம்மாவின் நினைவுத் திருப்பலி. இந்த முறையாவது லீவு எழுதிக் கொடுங்கள். வழியெல்லாம் மாதா உங்கள் கூடவே வரட்டும். நீங்கள் வரும்வரை படத்தை அந்தக் கடைசிக் கைதட்டலுக்குச் சற்று முன்பே நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மாவின் கைகள் இரண்டும் இன்னும் சேரவில்லை.

உங்கள் மகள்,
ஜாஸ்லின்