புழு இல்லாத தண்ணீர்

பீர்மேடு,
18 ஆகஸ்ட் 1975

பழனிச்சாமிக்கு,

இன்னாசிராஜ் எழுதிக்கொள்வது. இங்கே மழை விடவில்லை. மற்றபடி உயிரோடு இருக்கிறோம். நீயும் சாந்தம்மாளும் நலமென்று என் மகளுக்கு நீ போடும் கடிதங்களிலிருந்து, அவள் அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். துறைத் தலைவர் ஆகிவிட்டாயாம். கொழிஞ்சாம்பாறையில் மாடி வீடும் எழும்பிவிட்டதாம். சந்தோஷம்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் பழைய சண்டையைத் தொடர எழுதுகிறேன் என்று நினைத்திருப்பாய். அந்தச் சண்டை வைத்த இடத்திலேயே இருக்கிறது. தட்டைப்புழுக்களை ஓடைகளில் தேடிப் பிடித்ததும், அறுத்ததும், ஈரல் துண்டு போட்டு வளர்த்ததும் நான். கட்டுரையில் அச்சானது உன் பெயரும் பேராசிரியர் பெயரும். “அடுத்ததுல உன்ற பேரு வந்துரும், உடப்பா” என்றாய். அடுத்தது என்று ஒன்று வரவே இல்லை. நான் கல்லூரி வேலையை விட்டு இந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஒன்பதாம் வகுப்புக்குத் தவளையின் இதயத்தைப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எதையும் நான் மறக்கவில்லை. மறக்காமலே எழுதுகிறேன் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருக்கிறது என்று புரிந்துகொள்.

என் மகள் புஷ்பமேரி உண்டாகியிருக்கிறாள். மூன்றாம் மாதம். உனக்கு இதற்குள் எழுதியிருப்பாள். என் வீட்டுக்காரி செபமாலை காதில் போட்டுத்தான் எனக்குத் தெரியும். அவள் புருஷன் மிக்கேல் தேயிலைக்கு மருந்தடிக்கும் ஆட்களுக்குக் கங்காணி. எனக்குப் பிடிக்காத அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கோயிலில் அப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நீ நின்றாயாம். வேற்று மதத்துக்காரன், பீடத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாயாம். அதையும் நான் மன்னிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு முன்பெல்லாம் காட்டுக்குள்ளிருந்து வரும் மேல் ஓடையிலிருந்துதான் தண்ணீர். அதில் நம் தட்டைப்புழு உண்டு. கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்குள்ளவர்கள் அதை அட்டைக்குட்டி என்கிறார்கள். குடத்தில் ஒன்று வந்துவிட்டால் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிடுவார்கள். பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய் அட்டையாக வளரும் என்று பயம். நல்ல தண்ணீரில் மட்டும்தான் அந்தப் புழு உயிர் வாழும் என்று நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பார்த்தேன். அட்டைக்கு வக்காலத்து வாங்கும் வாத்தியார் என்று பெயர் கிடைத்தது.

போன வருஷம் மிக்கேல், எஸ்டேட் மானேஜர் துரையிடம் பலமுறை நடந்து, கீழ் ஓடையிலிருந்து புதுக் குழாய் போட வைத்தான். அந்த ஓடையில் ஒரு புழு கிடையாது, பூச்சி கிடையாது, தவளைக் குஞ்சு கூடக் கிடையாது. கண்ணாடி போல இருக்கும். சுவாமியார் வந்து குழாயை மந்திரித்தார். மாலை போட்டார்கள். மிக்கேலைத் தோளில் தூக்கினார்கள். ஏன் அங்கே ஒரு புழுவும் இல்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பூச்சிமருந்துக் கொட்டகை அந்த ஓடைக்கு மேலேதான் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பீப்பாய்களையும் மருந்தடிக்கிற குழாய்களையும் அந்தத் தண்ணீரில்தான் அலசுகிறார்கள். மிக்கேலே முன்னால் நின்று, சுத்தமாக அலச வேண்டும் என்று ஆட்களை விரட்டுகிறான். பொறுப்பானவன். அதுதான் கொடுமை.

நான் வாய் திறந்தேன். மூக்கம்மாள் என்று கொழுந்து பறிக்கிற ஒருத்தி, பத்துப் பேருக்கு நடுவில் சொன்னாள்: “வாத்தியாருக்கு மருமவன் பேரு கெடணும். அதுக்குத்தான் புழுவைத் தூக்கிக்கிட்டு அலையுதாரு.” எல்லோரும் சிரித்தார்கள். துரையிடம் போனேன். புழு செத்தால் மனிதன் சாவான் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். அவருக்குக் காட்ட ஒரு பதில் வேண்டியிருந்தது. அதனால் மறுபடியும் அறுக்கத் தொடங்கினேன்.

மேல் ஓடைப் புழுக்களைக் குழாய்த் தண்ணீரில் விட்டால் கரைந்து போகின்றன. அதில் மேல் ஓடைத் தண்ணீரை நிறையக் கலந்து நீர்க்க வைத்தால் பிழைக்கின்றன. அப்படிப் பிழைத்தவற்றை அறுத்து நடுத் துண்டை மட்டும் வைத்தேன். முன்பக்கம் தலையும் பின்பக்கம் வாலும் வளர வேண்டும். உனக்குத் தெரியாததா? சிலவற்றில் இரண்டு பக்கமும் தலை வளர்ந்தது. வால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

இதுவரை புதுமை இல்லை. மருந்து பட்டால் கோணலாக வளரும் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். இனிமேல் வருவதை நிதானமாகப் படி. அந்த இரண்டு தலைப் புழுக்களை மேல் ஓடைத் தண்ணீருக்கு மாற்றினேன். துளி மருந்து இல்லாத தண்ணீர். அங்கேயே வளரவிட்டு, இரண்டு தலைகளையும் நறுக்கிவிட்டு மீண்டும் நடுத் துண்டை வைத்தேன். மறுபடியும் இரண்டு தலை. இன்னொரு முறை அறுத்தேன். அப்போதும் இரண்டு தலை. தண்ணீர் மாறிவிட்டது, புழு மாறவில்லை. இன்னும் எதுவாகவும் ஆகாமல் உள்ளே காத்திருக்கும் அந்தச் சின்ன செல்கள், தலையாவதா வாலாவதா என்று முடிவெடுக்கும் செல்கள், பட்ட கெடுதலைப் பிடித்து வைத்துக்கொண்டு தங்களுக்குப் பின் வருகிறவற்றுக்கும் கொடுக்கின்றன. விதையான ஜீனே கெட்டுவிட்டதா, விதை அப்படியே இருக்க அதைப் படிக்கும் விதம் மட்டும் கெட்டுவிட்டதா, எனக்குத் தெரியாது. விதையைத் தொடாமலே இப்படி நடக்கலாம் என்று அன்று கருத்தரங்கில் நான் சொன்னபோது, “புழுவுக்கு என்னத்த ஞாபகம், போப்பா” என்று முதலில் சிரித்தவன் நீ.

பழனி, என் மகள் வயிற்றில் இருப்பதும் இன்னும் முடிவெடுத்து முடிக்காத செல்கள்தானே. எது கை, எது கண் என்று இப்போதுதானே பிரிந்துகொண்டிருக்கும். புழுவையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறேன் என்று திட்டு. அப்படிப் பேசக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அந்த இரண்டு தலைப் புழுக்களை விட்டு வைத்திருக்கும் கண்ணாடிக் குப்பிதான் தெரிகிறது.

அவளுக்காக மேல் ஓடைத் தண்ணீரை வடிகட்டி, ஒரு கேனில் சுமந்துகொண்டு அவள் லயத்துக்கே போனேன். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறை. வாங்கி வைத்தாள், காப்பி கூடப் போட்டாள். பிறகு முந்தானையை இரண்டாக மடித்து என் கண் முன்னாலேயே தண்ணீரை வடித்தாள். துணியில் ஒன்று நெளிந்தது. எப்படித் தப்பி வந்ததோ. முந்தானையை என் பக்கம் நீட்டி, “இதையாப்பா என் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுதீக?” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டு சொன்னாள். மிக்கேல் கேனைக் கழுவிக் கொடுத்தான், புதுக் குழாயில்.

குப்பியைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பாய். எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செபமாலை வாசலை மறித்து நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி அப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்கக் கூடாது, பார்த்தால் அதுபோலவே பிறக்கும் என்றாள். மூடநம்பிக்கை என்று வகுப்பில் எத்தனை முறை பேசியிருப்பேன். அன்று என் கையே குப்பியின் மேல் துண்டைப் போட்டு மூடியது. என்னிடம் இருக்கும் ஒரே சாட்சியை, யார் பார்க்க வேண்டுமோ அவளுக்குக் காட்ட எனக்கே தைரியம் இல்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்களுக்கும் முறைதான். ஆனால் அழைத்து வருவது ஏழாம் மாதம். அதுவரை பொறுக்க முடியாது. வந்தாலும் வாத்தியார் குவார்ட்டர்ஸுக்கும் அதே குழாயை நீட்டிவிட்டார்கள். அதனால், செபமாலையிடம் கூடக் கேட்காமல், அந்த முறையை உனக்கு விட்டுக் கொடுக்கிறேன். நீ வந்து அவளைக் கொழிஞ்சாம்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போ. சித்தப்பா என்று உன்மேல் உயிராக இருப்பவள், நீ கூப்பிட்டால் வருவாள். உன் ஊரில் ஆஸ்பத்திரி பக்கம் என்று சொல், சாந்தம்மாளுக்குத் துணை வேண்டும் என்று சொல், எதையாவது சொல். மிக்கேல் மனம் நோகாமல் சொல். உனக்கு அது வரும்.

பஸ் கண்டக்டர் குருசாமியிடம் ஒரு குப்பி கொடுத்தனுப்புகிறேன். மூடியில் துளை போட்டிருக்கிறது. வெயில் படாமல் வை. பரிசோதனைக் கூடத்தில் நீயே அறுத்துப் பார். நான் எங்கோ தவறியிருந்தால், மேல் ஓடைத் தண்ணீரிலேயே மருந்து கலந்திருந்தால், இந்தக் கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்திருந்தால், எழுது. உன் மாணவர்கள் எல்லோரிடமும் என்னைச் சொல்லிச் சிரி. அந்தக் கடிதத்தை நான் நன்றிக் காணிக்கையாக மாதாவின் காலடியில் வைப்பேன். ஆனால் அறுத்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்துவிடாதே. முதலில் அவளைக் கூட்டிப் போ.

மாதா உன் வீட்டையும் உன் வீட்டுக்கு வருகிறவர்களையும் காப்பாளாக.

இன்னொன்று. இது உன் யோசனை என்றே அவளிடம் சொல். நான் சொன்னதாகத் தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். எந்த இடத்திலும் என் பெயர் வர வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னாசிராஜ்