ரெண்டு பூச்சாண்டி

கனிஷ்காம்மா, கேளு. நல்லாருக்கியா? ஹாஸ்டல்ல சமைக்கிற அடுப்புப் பொகையில கண்ணெரிச்சல் எப்படி இருக்குது? வீராணம் ஏரி நெறஞ்சு கெடக்குது, ஆடு ரெண்டும் கரையவிட்டு வரமாட்டேங்குது. அத விடு. ஞாயித்துக்கெழம நீ வர்ற வரைக்கும் மனசு தாங்கல, அதான் இந்தக் கடுதாசிய எழுதி சிதம்பரம் பஸ்ஸுல குடுத்துவுடறேன்.

அங்கன்வாடி சவரிமேரி டீச்சர் என்ன வரச் சொன்னாங்க. "அண்ணே, கனிஷ்கா பாப்பா இங்க சேந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசல. காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"ன்னாங்க. கோழிகிட்டகூட வாயாடுற புள்ள அது.

ரெண்டு பேரும் அதும் பக்கத்துல போயி உக்காந்தோம். புள்ள என்னப் பாக்குது, டீச்சரப் பாக்குது, சுவத்தோட ஒட்டிக்கிட்டு கவுனுலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு.

அப்பத்தான் வெளங்குச்சு. சோறு உண்ணலன்னா, "டீச்சர்கிட்ட சொல்லி சூடு போடச் சொல்றேன்"னு நாம மெரட்டுறோம். அழுதா, "உங்கப்பாவ வரச் சொல்லி அடிக்கச் சொல்வேன்"னு அவுங்க மெரட்டியிருக்காங்க. டீச்சர் மொகம் வெளுத்துப்போச்சு.

நேத்து அவுங்க நம்ம வீட்டுக்கு வந்து, என்கூட உக்காந்து சோறு உண்டாங்க. பாப்பா கதவோரம் நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மெதுவா வந்து, "டீச்சர், எங்கப்பா உங்களயும் அடிக்குமா?"ன்னு கேட்டுச்சு.

அவுங்ககிட்ட அது பேசுன மொத வார்த்த அதான். இனிமே சோறு உண்ணலன்னா என்ன சொல்றதுன்னு டீச்சரக் கேட்டா, அவுங்க... இந்தா, வாசல்ல பாப்பா கூப்புடுது, "அப்பா, டீச்சர் வந்துட்டாங்க, பயப்படாம வா"ன்னு. நான் போறேன், மிச்சத்த வந்து எழுதுறேன்.