பேச்சு குறைவான நாடகம்

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

கோவை கோடை நாடக வாரத்தின் அழைப்பிதழ் தபாலில் வந்துவிட்டது. கல்யாணமான வருஷத்திலிருந்து நானும் அவரும் போகிறோம். இரண்டு நாள், இரண்டு நாடகம். எதைப் பார்ப்பது என்று நாலு நாளாவது சண்டை நடக்கும். அவருக்கு வசனம் வேண்டும். எனக்குச் சிரிப்பு.

இந்த வருஷம் எப்படி? டீ ஃபேக்டரியில் இலை நசுக்கும் ரோலர் பக்கத்திலேயே நின்று போன காது அவருக்கு. போன மாதம் டாக்டர்: "காது மெஷின் சத்தத்தத்தான் கூட்டும். பேச்சப் பிரிச்சுக் காட்டாதுங்க. இனி இப்படித்தான்."

டாக்டர் என்ன சொன்னார் என்று இவர் என்னைக் கேட்டார். "பாத்துக்கலாம்னு சொன்னாருங்க."

மே 1, வியாழன்

லீவு. நாடகக்காரர்களுக்கு போன் போட்டேன்.

"ஏனுங்க, பேச்சுக் கம்மியா இருக்கற நாடகம் எதுங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "நாடகம்னாலே பேச்சுதானுங்களே!"

காரணம் சொல்லவில்லை.

குடும்ப நகைச்சுவை: கூடவே கூடாது. எல்லோரும் சிரிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். கோர்ட் நாடகம்: முழுக்க வாக்குவாதம். கர்ணன்: கதை தெரியும். கிரீடம், தேர், சண்டை. கண் போதும்.

அவர் அழைப்பிதழில் கோர்ட் நாடகத்தின் மேல் விரலை வைத்தார். "இதுதான் அம்மிணி. வக்கீலு பேசறதக் கேக்கோணும்."

சனி கர்ணன். ஞாயிறு கோர்ட். பால் வாங்க மறந்துவிட்டேன்.

மே 3, சனி. கோவை

மலைமேல் எங்கள் அரவேணுவில் ஸ்வெட்டர். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் வேர்வை. லாட்ஜ் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை.

முன்வரிசை கிடைத்தது. கிரீடம் இல்லை. தேர் இல்லை. கறுப்புச் சட்டையில் இரண்டு பேர், இரண்டு நாற்காலி. கர்ணனும் குந்தியுமாம். அரை இருட்டு வேறு. உதடு தெரியவில்லை.

காதோரம் சொன்னேன்: "குந்தி வந்துருக்காங்க."

"யாரு?" அரங்கம் முழுக்கக் கேட்டது.

பின்னாலிருந்து ஒருவர்: "ஊட்ல போயிப் பேசிக்குங்க."

இவர் திரும்பி அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தார். ஏதோ நல்லது சொன்னதாக நினைத்துவிட்டார்.

பிறகு காது மெஷின் விசில் அடித்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடையையே பார்த்தபடி இருந்தார். கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். அவரும். எல்லோரும் நிறுத்திய பிறகும்.

மே 4, ஞாயிறு

"எனக்குத் தல வலி. நீ போயிட்டு வா."

போகவில்லை என்று தலையை ஆட்டினேன். செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தார். அரங்குக்கு எதிரே டீக்கடையில் இருப்பதாகச் சொன்னார்.

போனேன். பக்கத்து சீட் காலி. "இங்க ஆள் வருவாங்களாங்க?" என்று ஓர் அம்மா. "இல்லைங்க." சொல்லிவிட்டேன். முதலில் கொஞ்ச நேரம் அழுகை. அப்புறம் மறந்தே போனேன். வக்கீலாக வந்த பெண் என்னமாய்ப் பேசினாள்! இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

நல்ல நாடகம். சுமாராக இருந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் அவர்: "யாரு ஜெயிச்சாங்க?"

சொன்னேன். மறுபடி சொன்னேன். கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓ," என்றார். புரியவில்லை, தெரியும்.

மே 5, திங்கள்

ஊர் திரும்பும் பஸ். மலை ஏறியதும் தூறல். ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

பிறகு அவராகவே: "அடுத்த வருஷம் உன்ற தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிட்டு வா அம்மிணி. நா ஊட்டப் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். அந்த வக்கீல் பெண்ணின் குரல் இன்னும் காதில் இருந்தது.

"சரிங்க."

அவருக்குக் கேட்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையாட்டினேன்.