வண்டி பார்க்க வந்தவர்கள்

ஜனவரி 9

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டைதான் வரும், எழுதினால் படிப்பேன் என்று சொல்லி அனுப்பினாயாம். எனக்குப் பென்சிலால் மரத்தில் கோடு போடத்தான் வரும். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை விற்கப் போகிறேன். நீ அக்கா வீட்டுக்குப் போன நாளிலிருந்து அது ஷெட்டிலேயே நிற்கிறது. "பழைய கேம்பர் பஸ், அடியிலிருந்து நுனிவரை புதுப்பித்தது, உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை, எல்லாம் கைவேலை" என்று விளம்பரமும் கொடுத்தாயிற்று. பதிவு இருவர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று. வேலை முடிகிறவரை நீ முணுமுணுத்தாய், அது நியாயம். ஆறு வருஷம் இழுத்தேன். ஆனால் எல்லாம் முடிந்து, கடைசி ஸ்க்ரூவும் முடுக்கிய பிறகு, இனி கிளம்ப வேண்டியதுதான் என்று இருந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு போனாயே, அது ஏன்? மண்டையைக் குடைகிறது. கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மேஸ்திரி


ஜனவரி 20

அன்புள்ள மேஸ்திரியாருக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துக்குச் சிரிக்கவில்லை. "அடியிலிருந்து நுனிவரை" என்றதற்குத்தான் சிரித்தேன். அது என்ன, தென்னை மரமா?

கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நிபந்தனையோடு. யார் யார் பார்க்க வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், ஒன்று விடாமல் எழுத வேண்டும். எனக்குப் பிடித்த ஆளுக்குத்தான் கையெழுத்து. ஊர் வம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இங்கே அக்கா வீட்டில் எனக்கு வேறு பொழுது போவதில்லை.

உங்கள் கேள்விக்கு நானே பதில் சொன்னால் "ஓ, அவ்வளவுதானா" என்று சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். பதில் வண்டிக்குள்தான் இருக்கிறது. தேடுங்கள்.

இப்படிக்கு,
டிரைவர்


பிப்ரவரி 4

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

இதுவரை மூன்று கூட்டம் வந்தது. முதலில் ஒரு இளஞ்ஜோடி. உள்ளே ஏறினார்கள், படுக்கையில் விழுந்தார்கள், போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். "அங்கிள், இத பிங்க் கலர்ல அடிச்சுத் தர முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். தர முடியாது என்றேன்.

அடுத்தவர் காபிக்கடைக்காரர். படுக்கையைப் பிடுங்கிவிட்டு அங்கே மெஷின் வைப்பாராம். நான் இழைத்த பலகையைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் கழட்டிடலாம்ல?" என்றார். அவரையும் கழற்றிவிட்டேன்.

மூன்றாவது, ரிட்டயரான பேங்க் மேனேஜர். நல்ல மனிதர். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடி, "சத்தமே இல்ல பாருங்க" என்று எனக்கே காட்டினார். அவர் மனைவி மட்டும் காரைவிட்டு இறங்கவேயில்லை. கேட்டதற்கு, "அவளுக்கு இதுல எல்லாம் இன்ட்ரஸ்ட் இல்ல" என்றார்.

நீ சொன்னபடி தேடவும் தேடினேன். சமையல் மேடையை உன் முழங்கை உயரத்துக்குச் செய்திருக்கிறேன். ஏறும் படியை உனக்காகவே தாழ்த்தினேன். படுக்கைப் பலகை உன் முதுகுவலிக்குத் தோதானது. மெத்தையா? ஜன்னல் திரையின் நிறமா? சிங்க்கில் தண்ணீர் போகும்போது களக் களக் என்கிறது, அதுவா? ஒரு குறிப்பாவது கொடு.

இப்படிக்கு,
மேஸ்திரி


பிப்ரவரி 15

அன்புள்ள மேஸ்திரியாருக்கு,

ஜன்னல் திரை பிடிக்காமல் புருஷனை விட்டு வந்தவள் என்று என்னை நினைத்தீர்களே, உங்களை என்ன சொல்ல!

மூவருக்கும் கையெழுத்து இல்லை. மேனேஜருக்குக் கொடுத்திருப்பேன், ஆனால் காரிலேயே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நினைத்தால் மனதை என்னவோ செய்கிறது. "இன்ட்ரஸ்ட் இல்ல" என்பது அந்த அம்மாவே சொன்னதா, மேனேஜராகச் சொன்னதா? இறங்கி வரச் சொல்லி நீங்களாவது கேட்டிருக்கலாம்.

மேடை, படி, படுக்கை எல்லாம் எனக்காக அளந்து செய்தீர்கள். எனக்குத் தெரியும், மறக்கவும் மாட்டேன். அங்கே தேட வேண்டாம்.

அந்தத் துருப்பிடித்த கூட்டை முதலில் பார்த்து உங்களை இழுத்துக்கொண்டு போனது நான்தான், ஞாபகம் இருக்கிறதா? "உள்ள வீட்ட நீங்க கட்டுங்க, வண்டிய நான் ஓட்டுறேன்" என்றேன். வேலை முடியப்போகிறது என்று நம்பித்தான் ஸ்கூல் பஸ் வேலையை விட்டேன். இப்போது என் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சாப்பிடும்போதுகூட மேசைக்கு அடியில் பிரேக் மிதிக்கிறேனாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
டிரைவர்


மார்ச் 6

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். நானாகக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு கண் டாக்டர் வந்து காட்டினார்.

குள்ளமான பெண்மணி. சின்னச் சின்ன ஊர்களுக்கு வண்டியிலேயே போய், கண் சோதித்துக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மற்றவர்கள் போல இழுப்பறையைத் திறக்கவில்லை. நேராக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், காலை நீட்டினார், திரும்பி என்னைப் பார்த்தார்.

"கிளட்ச் எட்டலையே. சீட்ட முன்னாடி தள்ள முடியாதா?"

"முடியாதுங்க. கீழ பெட்டி வச்சு தரையோட போல்ட் போட்டிருக்கேன்."

"யார் அளவுக்குச் செஞ்சீங்க?"

"நான் உக்காந்து பாத்துதான்."

"அப்ப நீங்கதான் ஓட்டுவீங்களா?"

அவர் போனபின் நான் ஏறி உட்கார்ந்தேன். எனக்குக் கச்சிதமாக எட்டியது. சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டாத காலுக்கு! இத்தனை நாளும் வண்டியை வெளியே எடுத்ததும் உள்ளே விட்டதும் அந்த நெட்டை மெக்கானிக். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

சீட் முடிந்த அன்று நீ ஏறினாய். "செருப்பக் கழட்டிட்டு ஏறு, கோடு விழுந்துடும்" என்று நான் கத்தினேன். பிறகு பம்பரைத் துடைக்கப் போய்விட்டேன். நீ இறங்கியதைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நாலு போல்ட்டுக்காகவா ஒரு வீட்டை விட்டுப் போவார்கள்? எனக்கும் கோபம் வருகிறது.

இருக்கட்டும். பெட்டியை அறுத்தெடுத்துவிட்டு, சீட்டு நகர்கிற மாதிரி அடியில் தண்டவாளம் போட்டுவிட்டேன். இப்போது உனக்கும் எட்டும். வருகிறேன் என்று சொல், டாக்டரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். நானும்தான்.

இப்படிக்கு,
மேஸ்திரி


மார்ச் 14

அன்புள்ள மேஸ்திரியாருக்கு,

சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள் என்று சொன்னேனா இல்லையா?

போல்ட்டுக்காக யாரும் போகவில்லை. சமைக்கிற என்னை அளந்தீர்கள், தூங்குகிற என்னை அளந்தீர்கள். ஓட்டுகிற என்னை மட்டும் உங்களுக்குத் தெரியவே இல்லை. இருபது வருஷம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் நான். அன்றைக்கு அந்த சீட்டில் கால் தொங்க உட்கார்ந்தபோது, இந்த வண்டியில் நான் சும்மா கூட வருகிற ஆள்தான் என்று தோன்றிவிட்டது. அழுகை வந்தது. உங்களிடம் அழப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் உடனே சரி செய்திருப்பீர்கள். செய்திருப்பீர்கள் என்பதாலேயே சொல்லவில்லை. இது உங்களுக்குப் புரியுமோ புரியாதோ.

டாக்டருக்கே விற்றுவிடுங்கள், கையெழுத்துப் போட வருகிறேன். அவர் ஊர்வரை வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் விடுகிறேன். அந்த நெட்டை மெக்கானிக் வேண்டாம். விருப்பமிருந்தால் நீங்கள் பக்கத்து சீட்டில் வரலாம்.

இப்படிக்கு,
டிரைவர்


ஏப்ரல் 22

அன்புள்ள மேஸ்திரியாருக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்திருப்பீர்கள். வண்டியை ஒப்படைத்துவிட்டு நீங்கள் ரயிலேறிய பிறகு நடந்ததைக் கேளுங்கள். தானே ஓட்டினால் கண் சோதிக்க நேரம் இருக்காது என்று டாக்டர் டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். நான் இருக்கிறேனே என்றேன். லைசன்ஸைப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டச் சொன்னார், மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டேன். மாதத்தில் பாதி நாள் வண்டியில், மீதி நாள் அக்கா வீட்டில்.

ஒன்று சொல்ல வேண்டும். வரும் வழியில் பாலம் வரைக்கும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தீர்கள். பாலம் தாண்டியதும், "இப்ப ஏன் கியரக் குறைச்ச?" என்று கேட்டீர்கள். பிறகு கேள்வி நிற்கவே இல்லை. "லாரிக்காரன் எதுக்கு லைட் போட்டான்?" "மேடு வருதுன்னு எப்படித் தெரியுது?" கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதே இல்லை. பதில் சொல்லிக்கொண்டே வேண்டுமென்றே சுற்றுவழியில் ஓட்டினேன். உங்களுக்கு வழி தெரியாதது எவ்வளவு வசதி!

ஸ்டேஷனில் "வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தீர்கள், ரயில் வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வரவில்லை. வருத்தப்படாதீர்கள், இந்த வேலையை விட்டு எங்கேயும் வருவதாக இல்லை.

நேற்று ஒரு வயதான அம்மா சோதனைக்கு வந்தார். புதுக் கண்ணாடி போட்டதும் முதலில் பார்த்தது உங்கள் அலமாரியை. விரலால் தடவித் தடவிப் பார்த்து, "யாரும்மா செஞ்சது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்."

யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அந்த அம்மா விடுகிற ஆளா? "அவர் கூட வரலையா?" என்றார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் கேட்கிறேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மலைப்பக்கம் கிளம்புகிறோம். டாக்டர் அவர் காரில் முன்னால் போய்விடுவார். வண்டியில் நான் மட்டும்தான். வருகிறீர்களா?

இப்படிக்கு,
டிரைவர்