இரண்டாவது சுற்று

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு நம் மேலச் சித்திரை வீதி வீட்டில் நான் மட்டும்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. உங்கள் பேத்தி யாழினி சென்னையில் இருக்கிறாள். காலையில் காபி குடித்ததும் உங்களைப் போலவே கோயிலைச் சுற்றி நடக்கக் கிளம்பிவிடுகிறேன். ஒரே வித்தியாசம், என் கையில் செல்போன் இருக்கும்.

முறைக்காதீர்கள். இந்தப் போன் வந்த பிறகுதான் நான் நிமிர்ந்தே பார்க்கிறேன். கோலம், மதில் மேல் பூனை என்று கண்ணில் பட்டதைப் படம் எடுக்கிறேன். பறவை கத்தினால் போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், பேர் சொல்லிவிடும். வடக்குச் சித்திரை வீதியில் 'டொக் டொக்' என்று கேட்குமே, பக்கத்தில் ஏதோ பட்டறை என்பீர்களே, அது குக்குறுவான் என்ற பறவையாம். பொன்மலை ரயில் ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளிய உங்கள் காதுக்கு எல்லாமே பட்டறைதான்.

மாலையில் மாடியில் உட்கார்ந்து, காலையில் நடந்த வழியைப் பார்ப்பேன். போன் அதை நீலக் கோடாக வரைந்து வைத்திருக்கும். கோயில் எப்போதும் வலது கைப்பக்கம், மூலைக்கு மூலை வலதுபக்கம் திரும்பினால் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் வீடு வந்துவிடும் என்பீர்கள்.

அப்படி வீடு வராமல் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? கோபுர வாசல் தாண்டி உள்ளே உத்தர வீதிக்குப் போய்விட்டீர்கள். அது சின்னச் சுற்று. அங்கேயும் நான்கு மூலை, அங்கேயும் வலதுபக்கம்தான். அங்கே இல்லாத நம் வீட்டைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். வெயில் ஏறின பிறகு நான் கண்டுபிடித்தபோது, "சரியாத்தாம்மா திரும்பினேன். வீட்டைத்தான் காணோம்" என்றீர்கள். மறதி நோய் வந்து ரொம்ப நாளாகியிருக்கும், வெளியே தெரியாமல் சமாளித்திருக்கிறார் என்றார் டாக்டர்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு மாலை பார்த்தால், நீலக் கோடு இரட்டையாக இருக்கிறது. சித்திரை வீதியை இரண்டு முறை சுற்றியிருக்கிறேன். எனக்கு நினைவிருப்பது ஒரு சுற்றுதான். போனில்தான் கோளாறு என்று படங்களைத் திறந்தேன். ஒரே வாசல், ஒரே கோலம், இரண்டு படங்கள். முதல் படத்தில் வாசல் ஈரமாக இருந்தது. அடுத்ததில் வெயில் விழுந்து, கோலத்தை யாரோ மிதித்திருந்தார்கள்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து யாழினி கூப்பிட்டாள். நான் நடக்கும் கணக்கு அவள் போனுக்கும் போகும்.

"என்னம்மா, இன்னைக்கு ரெண்டு ரவுண்டா? கலக்குற."

"காத்து நல்லா இருந்துச்சுடி, அதான்" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அப்பா. நீங்களும் இப்படித்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? உங்களுக்கு எப்போது முதலில் தெரிந்தது? பயமாக இருந்ததா?

மறுநாளிலிருந்து குக்குறுவான் காதில் விழவில்லை. மூலைக்கு மூலை நின்று, "தெற்குச் சித்திரை வீதி, முதல் சுற்று" என்று போனில் பேசிப் பதிவு செய்கிறேன். பூக்காரம்மா, "யாருகிட்டங்க பேசுறீங்க?" என்று கேட்டார். மகளிடம் என்றேன். அந்த இரண்டாவது படத்தை அழித்துவிடலாமா என்றுகூட விரல் போனது.

இன்று காலை தேரடியில் நின்று அவளை நிஜமாகவே கூப்பிட்டேன்.

"யாழினி, அன்னைக்கு ரெண்டாவது ரவுண்டு போனது எனக்கு ஞாபகமே இல்லடி."

"தாத்தா மாதிரியாம்மா?" என்றாள்.

"தெரியலடி."

"நடக்கறத விட்டுடாத. நான் கிளம்பி வரேன்."

ராத்திரி பஸ்ஸில் வருகிறாள். நாளைக்குத் தில்லை நகரில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஏதோ யோசனையில் நடந்திருக்கலாம். காலையிலிருந்து இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் நடப்பதை நிறுத்த மாட்டேன். மறந்ததை மறந்தேன் என்றே சொல்வேன். நீங்கள் அத்தனை நாள் தனியாக வைத்திருந்த பயத்தை, நான் இன்று என் மகளிடம் சொல்லிவிட்டேன் அப்பா.

உங்கள் நடையும் உங்கள் பயமும் வாய்த்த மூத்த மகள்,
கோமதி