டேப்பைத் தொடாதீங்க

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மேஜையில பாதி கோத்த மணிமாலை இருக்கு. மணி நழுவாம நூல் நுனியில ஒட்டியிருக்கிற டேப்பைத் தொடாதீங்க. முந்தாநாள் காலண்டர் ஒட்ட அதைத்தானே பிய்ச்சீங்க! மணியெல்லாம் உருண்டோட, "பாசிமணிதானே, மறுபடி கோத்துக்கோ"ன்னு டிவி பக்கம் திரும்பிட்டீங்க. முட்டி தேயப் பொறுக்கியும் நடுவுல வர்ற பச்சை மணி கிடைக்கலை. மாலை செய்யச் சொன்ன டீச்சர் இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாங்க. ஆகலைன்னு நீங்களே சொல்லுங்க. அவங்க முகத்துல முழிக்க எனக்குத் தெம்பில்லை.

கதவைப் பூட்டப்போறப்ப எழுதுறேன்: துவைக்க எடுத்த உங்க சட்டைப் பையில, காகிதத்துல மடிச்ச பச்சை மணி! எப்போ தேடினீங்க? கையில கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?

நாலு மணிக்கு வந்து மிச்சத்தைக் கோத்துடுவேன். முடிச்சுப் போடுறப்ப நுனியைப் பிடிக்க ஆள் வேணும். டிவியை அணைச்சு வைங்க.