அப்பாவின் ஸ்தோத்திரமும் என் ஆமெனும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, ஆண்டவர் துணையோடு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, சர்க்கரைகூடக் கட்டுக்குள் இருக்கிறது. போனில் நீ கேட்கும்போதெல்லாம் "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன் இல்லையா, அது பாதிதான் உண்மை. மீதியைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மறதி கூடிக்கொண்டே போகிறது. வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்த மனுஷன், போன வாரம் குளியலறைக்கு வெளியே இருக்கிற சுவிட்சை அழுத்திவிட்டு மூடின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னங்க என்று கேட்டேன். "மேல எங்கயோ மாட்டிக்கிச்சு, இப்ப வந்துடும்" என்றார். சிரித்துவிட்டேன், அவரும் கூடச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, நான்தான் கதவைத் திறந்து உள்ளே அனுப்பினேன். இருப்பதைக் கொஞ்ச நாள் மாத்திரை பிடித்து வைக்கும், போனதைத் திருப்பித் தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் பாப்பா, சாயங்கால ஜெபத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்லியாக வேண்டும், "நேத்து கதை செல்லாது, இன்னைக்கு ஆண்டவர் என்ன செஞ்சார், அதைச் சொல்லு" என்பார். கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் வந்து பரீட்சை நின்றுபோனதற்கு நீ ஸ்தோத்திரம் சொன்ன அன்றைக்கு, இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று நாங்கள் இரண்டு பேரும் முழித்தோமே. இப்போதும் விளக்குப் போட்டதும் தானாக மேஜைக்கு வந்து கண்ணை மூடிக்கொள்கிறார். மூடிக்கொண்டு தினமும் ஒரே ஸ்தோத்திரம்தான். "ஆண்டவரே, பாப்பா இன்னைக்கும் வேலை முடிஞ்சு பத்திரமா வீட்டுக்கு வந்துட்டா, உமக்கு ஸ்தோத்திரம்." எதிர்வீட்டு நர்ஸ் பெண் தோளில் பையோடு தெருமுனை திரும்புவதைப் பால்கனியிலிருந்து பார்க்கிறார், அதோடு அவருக்கு நீ வந்தாகிவிட்டது, உள்ளே முகம் கழுவிக்கொண்டிருக்கிறாய் என்று நினைப்பு.

அதற்கு நான் ஆமென் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன் சொல்லு? நடக்காததை நடந்தது என்று ஆண்டவர் முன்னால் நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவதா? சொல்லாவிட்டால் கண்ணைத் திறக்க மாட்டார், தட்டில் கை வைக்க மாட்டார், காத்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் மனது கேட்காமல், பாப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், இங்கே இல்லை என்று சொல்லிவிட்டேன். "எப்ப போனா? என்கிட்ட சொல்லாமலா போனா?" என்று எழுந்தவர், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவதற்குள் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். மறுநாள் திரும்பவும் அதே ஸ்தோத்திரம். அழுதது அவருக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. போதகரிடம் போய்க் கேட்டேன். "அவர் சொல்றது ஆண்டவருக்குப் புரியும்மா, நீங்க தைரியமா ஆமென் சொல்லுங்க" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார், தினமும் மேஜையில் அப்பாவுக்கு எதிரே உட்காருகிறவள் நான். சரி என்று வாயால் சொல்ல ஆரம்பித்தேன், மனசுக்குள் இதை மன்னியும் என்று சேர்த்துக்கொண்டேன். என் முறை வந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை, குழாயில் தண்ணீர் வந்தது, கரண்ட் போகவில்லை என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றினேன்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கண்ணை மூடினார். சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொன்னார், ஃபேன் காற்றுக்குச் சொன்னார். நான் ஆமெனை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உன்னைச் சொல்லவே இல்லை. அந்த நர்ஸ் பெண் தெருமுனை திரும்பியதைப் பார்த்தார், பார்த்தும் சொல்லவில்லை. இந்த ஸ்தோத்திரம் நின்றால் போதும் என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன், நின்றபோது அது எனக்கு வேண்டியிருந்தது. தாங்க முடியாமல் நானே சொல்லிவிட்டேன், "ஆண்டவரே, பாப்பா இன்னைக்கும் பத்திரமா வீட்டுக்கு வந்துட்டா, உமக்கு ஸ்தோத்திரம்." அப்பா கண்ணைத் திறந்து மரியாதையாக "ஆமென்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணாம்மா? எங்க வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி லேபில் என்றேன். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டார்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை பாப்பா. புது விசா கைக்கு வராமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று நீ சொன்னது எனக்குப் புரிகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான், யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. போனில் அவர் உன்னை நீங்க வாங்க என்று பேசினால் அப்படியே பேசிவிடு, திருத்தாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஸ்தோத்திரம் சொல்லு, ஒன்றும் கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லு, நானும் இனிமேல் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் "வந்துட்டேன்" என்று ஒரு வரி அனுப்பு, இங்கே அது எந்த நேரமானாலும் பரவாயில்லை. நீ பத்திரமாக வந்து சேர்ந்தது தெரிந்தால் அந்த ஒரு ஸ்தோத்திரத்தையாவது நான் பொய்யில்லாமல் சொல்வேன். ஆமென் சொல்ல அப்பா பக்கத்தில் இருக்கிறார்.

உனக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும்,
அம்மா